தலைமை தாங்கப் போன தாய்மாமன்

ஒரு காதணி விழாவுக்குத் தலைமை தாங்குவதற்காகப் புனேயிலிருந்து மதுரைக்குப் போனேன். காது குத்துக்குத் தலைமை என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவனுக்குத் தலைமை இல்லாத நிகழ்ச்சி உலகத்தில் உண்டு என்று தோன்றாது. மரம் நடுவதோ, குத்துச்சண்டைப் போட்டியோ, குடிநீர்த் தொட்டி திறப்பதோ, எதுவானாலும் நடு நாற்காலியில் ஒரு கர்னல் உட்கார வேண்டும். கடைசிச் சில வருடங்கள் அந்தக் கர்னல் நான்தான்.

அழைத்தவர் ஹவில்தார் முத்துப்பாண்டி. நான் பட்டாலியனின் பொறுப்பில் இருந்தபோது என் ஜீப்பை ஓட்டியவர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், இன்னும் பணியில் இருக்கிறார். போனில் அவர் பேசியது இவ்வளவுதான்: "சார், பாப்பாவுக்குக் காது குத்து சார். சார் வந்தாதான் சார் நடக்கும்."

"ஏற்பாடெல்லாம் ஆயிடுச்சா?"

"எல்லாம் ஆயிருச்சு சார். சார் வந்தா மட்டும் போதும் சார்."

"கூட்டம் எவ்வளவு இருக்கும்?"

"ஊரே இருக்கும் சார்."

ஊரே இருக்கும் என்றதும் நான் உரை தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன். 'ராணுவ வீரனும் அவன் குடும்பமும்' என்பது தலைப்பு. கெட்டி அட்டைகளில் எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

முத்துப்பாண்டியின் மனைவி செல்வியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன் வடகிழக்கில் ஒரு மலைமேல் எங்கள் முகாம். குடும்பக் குடியிருப்பில் செல்வி நிறைமாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். முத்துப்பாண்டி எல்லையில் இருந்தார். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்று பிறந்த வீடு அவளைத் தலைமுழுகியிருந்தது. வளைகாப்புக்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் மனைவி கீதா, "நாமே போட்டுடலாம்" என்றாள். ஐந்து வகைச் சோறு செய்தாள். கடைவீதியில் தேடிப் பிடித்த பிளாஸ்டிக் வளையல்களை அடுக்கினாள். நான் அலுவலகத்திலிருந்து சீருடையோடு வந்து சந்தனம் பூசிவிட்டு, புளியோதரை சாப்பிட்டுவிட்டு, மாலை ஆய்வுக்குப் போனேன். குடும்ப நலப் பணி என்ற தலைப்பின் கீழ் அதை மனத்துக்குள் முடித்து வைத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு செல்வி என்னை 'அண்ணே' என்றாள். எல்லோரும் 'சாப்' என்று கூப்பிடும் இடத்தில் அது காதுக்கு நன்றாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கீதா முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். நான் மட்டும் புறப்பட்டேன். பெட்டியில் நீலக் கோட்டு, பட்டாலியன் டை, பதக்கங்கள், ஒரு மரக் கேடயம். கேடயத்தைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாது. ராணுவத்தில் யார் எங்கே போனாலும் சின்னம் பொறித்த மரக் கேடயம் ஒன்றைக் கொடுப்பார்கள், ஒன்றை வாங்குவார்கள். அதற்கு எந்த உபயோகமும் இல்லை. என் வீட்டில் ஓர் அலமாரி முழுக்க இருக்கிறது. என் சேவையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் அந்த அலமாரியைத் திறந்து காட்டலாம். பெரிய போர் எதையும் நான் பார்க்கவில்லை. பனியில் காத்திருந்தேன், மழையில் காத்திருந்தேன், மற்ற நேரங்களில் ஆய்வு செய்தேன். ஒரு மூன்றங்குல மண் திட்டைக் காட்டி இதை ஏன் நகர்த்தவில்லை என்று கேட்டுப் பதவி உயர்வு பெற்றவர்களில் நானும் ஒருவன்.

மதுரையில் கே.கே. நகரில் பழைய சகா ஒருவரின் பூட்டிக் கிடந்த குடியிருப்பில் தங்கினேன். சாவி எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜெபமலர் டீச்சர். மிஷன் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கையில் தருவதற்குள் என் பிறந்த ஊர், படித்த பள்ளி, பிள்ளைகள் எத்தனை, ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டேன் என்பதெல்லாம் விசாரித்து முடித்துவிட்டார்.

"விசேஷத்துக்கு வந்திருக்கேன். தலைமை" என்றேன்.

"காது குத்துக்கா?" என்றார் டீச்சர். அவர் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்க்கும் பார்வை. ஆனால் அதோடு விட்டுவிட்டார். சிறிது நேரத்தில் இட்லியும் நாலு வகைச் சட்னியும் வந்தன. புனேயில் இட்லிக்கு ஒரு சட்னிதான், அதுவும் சர்க்கரை போட்டது. இங்கே காரச் சட்னி ஒன்று முதல் வாயிலேயே என்னைக் கண்கலங்க வைத்தது. ஊர் திரும்பிய உணர்ச்சி என்று டீச்சர் நினைத்திருக்கலாம். எனக்கு மதுரை ஊரே அல்ல, நான் சென்னையில் வளர்ந்தவன்.

மறுநாள் ரெக்கி. போக வேண்டிய இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவதை ராணுவத்தில் அப்படிச் சொல்வோம். காது குத்து நடக்கப்போகும் கோயிலுக்கு ரெக்கி போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காளவாசல் நிறுத்தத்தில் நின்று வந்த பஸ்ஸில் ஏறினேன். செக்கானூரணி தாண்டிப் பிரியும் ஒரு விலக்கின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டேன்.

"அங்க நிக்காதுண்ணே, இது பாயிண்ட் டு பாயிண்ட்டு" என்றார் கண்டக்டர்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே. போர்டுல எழுதித்தான போட்டிருக்கு?"

நியாயமான பதில். நான் இளம் அதிகாரிகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன். விலக்கு ஜன்னலுக்கு வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் போயிற்று. உசிலம்பட்டியில் இறங்கி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோவில் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

விலக்கில் ஒரு டீக்கடை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் பெஞ்சில் உட்கார்ந்ததும், துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

"யாரு, தெரியலையே?"

"சும்மா, இடம் பார்க்க வந்தேன்" என்றேன். அது உண்மைதான்.

"பிளாட்டா? வேணாம்யா. தண்ணி உப்பு" என்று அறிவுரை சொல்லிவிட்டு, "நாளைக்கு வந்தீகன்னா கறிச்சோறாச்சும் தின்னுட்டுப் போகலாம். முத்துப்பாண்டி மகளுக்குக் காது குத்து" என்றார்.

டீ மாஸ்டர் அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். "காது குத்து கெடக்கட்டும். சீரு வருதா இல்லையான்னு பாக்கத்தான் ஊரே ஒக்காந்திருக்கு."

"ஏன், தாய்மாமன் இல்லையா?" என்று கேட்டேன். பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்.

"இருக்கான், போடியில. பேச்சு வார்த்தை இல்ல. இந்தப் பிள்ளை இஷ்டப்பட்டுக் கட்டிக்கிட்டு வந்துருச்சுல்ல. மாமியாகாரி இருளாயி சும்மா விடுவாளா? பொறந்த வீட்டுல இருந்து ஒரு குண்டுமணி வந்ததில்ல, பிள்ளைக்கு மடி குடுக்க ஒரு ஆளில்ல, என் தம்பி மடியில வச்சுக் குத்திட்டுப் போங்கன்னு சொல்லிருக்கா. இந்தப் பிள்ளை ஒத்துக்கலையே. எங்கண்ணன் கர்னலு வாராரு, சீரோட வாராரு, அவரு மடியிலதான் குத்தணும்னு சபையில சொல்லிருச்சு."

கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன்.

"கர்னலு கெடாயப் பிடிச்சுக்கிட்டு வருவாராக்கும்" என்றார் டீ மாஸ்டர். "அந்தாளு யாருன்னு தெரியும்ல? மூணு தடவை தேதி வச்சு, மூணு தடவையும் முத்துப்பாண்டிக்கு லீவு குடுக்காதவரு. எட்டு வயசாச்சு, பிள்ளை இன்னும் மூளிக் காதோட அலையுது. லீவு குடுக்காதவரு சீரு குடுப்பாரா?"

மூன்றில் இரண்டுதான் நான் மறுத்தது. மூன்றாவது, நான் மாற்றலாகிப் போனபின் வந்தவர் மறுத்தது. ஆனால் அந்த இடத்தில் திருத்தம் கொடுக்க முடியாது.

தலைப்பாகைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஒனக்கு விசயம் தெரியுமா? முத்துப்பாண்டி ரெண்டு கெடாய்க்குச் சொல்லியிருக்கான். ஒண்ணு சாமிக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

"கர்னலு கெடா" என்றார் டீ மாஸ்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வேலிக் கருவைக்குப் பின்னால் போய் நின்று முத்துப்பாண்டிக்குப் போன் போட்டேன்.

"முத்துப்பாண்டி, நான் நாளைக்கு என்னவாக வருகிறேன்?"

"தாய்மாமனா சார்" என்றார்.

"சீர் கொண்டுவரணும்னு ஏன் சொல்லலை?"

"எப்படி சார் சொல்றது? சி.ஓ. சாப் கிட்டப் போயி கெடா கொண்டாங்க, சேலை கொண்டாங்கன்னு எப்படி சார் கேக்குறது? வாய் வரல சார்."

"செல்விகிட்ட என்ன சொன்னீங்க?"

"சார்கிட்டச் சொல்லியாச்சு, சார் சரின்னுட்டாருன்னு சொல்லிட்டேன் சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் ஒரு பிளான் வச்சிருக்கேன். சாமானெல்லாம் வாங்கி ஃபிரெண்டு வீட்டுல எறக்கியாச்சு. சார் வந்ததும் சார் பேர்ல உள்ள கொண்டாந்துருவேன் சார்."

தன் மனைவிக்கு அவள் அண்ணன் கொண்டுவர வேண்டிய சீரைத் தானே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். என்னிடம் பயிற்சி பெற்றவர்தான், எதிரிக்குத் தெரியாமல் நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு நடுரோட்டில் நகர்த்துகிறார். டீக்கடைக்கே தெரிந்த திட்டம் இருளாயிக்குத் தெரியாமல் இருக்குமா? நாளை அந்தக் கிடா உள்ளே வந்தால் ஊர் சிரிக்கும். சபையில் சொன்ன சொல்லோடு செல்வி அங்கேதான் நிற்பாள். நான் புனேக்கு வந்துவிடுவேன், அவள் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.

"அந்தச் சாமானை வெளியே எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கீதாவை அழைத்தேன்.

"வளைகாப்பு நாமதானே போட்டோம்? அப்ப தாய்மாமன் நீங்கதானே?" என்றாள் கீதா. "எனக்குத் தெரியுமே."

"ஏன் சொல்லலை?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க? நீங்க ராத்திரியெல்லாம் அட்டையில எழுதிக்கிட்டிருந்தது சீர் பட்டியல்னு நினைச்சேன்."

மத்தியானம் கே.கே. நகருக்குத் திரும்பி ஜெபமலர் டீச்சரின் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே செருப்பை மாட்டினார். "நேத்தே நினைச்சேன், தனியா வந்திருக்காரே, கையில ஒண்ணும் இல்லையேன்னு. சரி, பொண்ணுக்குத் தோடு மொதல்ல. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்."

அன்று பிற்பகல் மாசி வீதிகளில் நான் ஒரு சாதாரணச் சிப்பாய். டீச்சர் நடந்தார், நான் பை தூக்கினேன். தோடு, வெள்ளிக் கொலுசு, பட்டுப் பாவாடை, மாலைக்கு முன்பணம். சேலைக் கடையில் நான் ஒரு சேலையைக் காட்டி, "இது நன்றாக இருக்கிறதே" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் டீச்சரிடம், "சாரு திரைச்சீலைக்குக் கேக்குறாகளா?" என்றார். அதற்குப் பிறகு நான் கருத்துச் சொல்லவில்லை. அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கரை போட்ட பட்டு ஒன்றை டீச்சர் தேர்ந்தெடுத்தார். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு என்று சில சாதாரணச் சேலைகள்.

கிடாய்க்குத்தான் திண்டாட்டம். அன்று சந்தை இல்லை. காளவாசலில் ஒரு கறிக்கடைக்காரர் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அவர் அதை ஓட்டிவரும்வரை எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிட்டேன். இலையில் பிய்த்துப் போட்டு, என்னைக் கேட்காமலே சால்னாவை ஊற்றி மூழ்கடித்துவிட்டார்கள். எங்கள் அதிகாரிகள் மெஸ்ஸில் இதை முள்கரண்டியால் சாப்பிட முயல்வோம். இங்கே பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, ஊற விடுங்கண்ணே, எதுக்கு அவசரம்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். கிடா வந்தது. நடை நன்றாக இருந்தது, நிமிர்ந்து நின்றது. அணிவகுப்புக்குத் தேர்ந்தெடுப்பதுபோல் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சதையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"எல்லாம் ஆச்சு. தட்டு யார் தூக்குறது?" என்றார் டீச்சர் மாலையில்.

"நான்தான்."

"ஒத்த ஆளா வந்து எறங்குனா அதுக்குப் பேரு சீரா, பார்சலா? பொறந்த வீடுன்னா பொம்பளைங்க வரணும்ல?"

அவர் போனை எடுத்தார். அவருடைய பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியைகள் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்வது கேட்டது. ஒருவர் மட்டும் கோயில் விசேஷமாயிற்றே என்று தயங்கினார் போல. டீச்சர் சொன்னார்: "நம்ம தட்டுத்தான தூக்குறோம்? சாமியக் கும்பிடுறத அவுக பாத்துக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லையாம், வா." பிறகு என் பக்கம் திரும்பி, "வேட்டி இருக்கா?" என்றார். நீலக் கோட்டு பெட்டிக்குத் திரும்பியது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்று வந்தது. அதன் மேல் நான் ஒரு பெல்ட்டும் போட்டுக்கொண்டேன்.

காலையில் வேனில் ஆசிரியைகள், முன்னால் குட்டியானை என்கிற சிறிய லோடு வண்டியில் சீர்வரிசையும் கிடாயும் நானும். நாகமலை தாண்டியதும் குட்டியானையின் பின்சக்கரம் காற்று இறங்கி உட்கார்ந்தது.

"ஸ்டெப்னி?" என்றேன் டிரைவரிடம்.

"அது போன வாரமே பஞ்சருண்ணே" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில்.

மாதந்தோறும் பட்டாலியனின் ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்தவன் நான். ஒரு வண்டியில் ஸ்டெப்னி இல்லை என்று ஒருவரை ஒரு மாதம் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். இன்றைக்கு மாலை வாடாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். தட்டுகளெல்லாம் ஆசிரியைகளின் மடிக்கு மாறின. கிடாயையும் வேனில் ஏற்றினோம். கடைசி இருக்கையில் ஜன்னலோரம் அது, பக்கத்தில் நான். செக்கானூரணி வரை அது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. முன்னிருக்கையில் ஓர் ஆசிரியை மற்றவரிடம், "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை" என்று சொன்னது எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

விலக்கில் கொட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். முத்துப்பாண்டி என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். பிறகு வேனிலிருந்து இறங்கும் தட்டுகளைப் பார்த்தார். பிறகு கிடாயைப் பார்த்தார். ஜெபமலர் டீச்சர் ஆசிரியைகளை உயர வரிசைப்படி இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். என் பட்டாலியன் ஒருநாளும் அப்படி நேராக நின்றதில்லை. கொட்டு முழங்கியது. நான் கழுத்தில் மாலையும் கையில் கிடாயின் கயிறுமாக முன்னால் நடந்தேன். வேட்டி தடுக்காமல் இருக்கப் பாதி நடை, பாதி அணிவகுப்பு.

டீக்கடையில் எழுந்து நின்றார்கள். "ஏய், நேத்து பிளாட்டு பாக்க வந்தவருய்யா" என்றது தலைப்பாகைக்காரரின் குரல். "கர்னலுக்கு இம்புட்டு அக்கா தங்கச்சியா?" என்றது இன்னொன்று. "அம்புட்டும் டீச்சர் மாதிரியே இருக்காகளே" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை, "தங்கராசு, சட்டையில பட்டனைப் போடு" என்றார். நரைத்த மீசை வைத்த ஓர் ஆள் அவசரமாகப் பட்டன் போட்டது தெரிந்தது.

கோயில் வாசலில் செல்வி நின்றாள். கையில் ஆரத்தித் தட்டு. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வரும் தட்டுகளைப் பார்த்தாள், கடைசி ஆள்வரை பார்த்தாள். பிறகுதான் "வாங்கண்ணே" என்றாள். பக்கத்தில் இருளாயி. மருமகளின் அண்ணனை அவர் கண்டுகொள்ளவில்லை. நேரே கிடாயிடம் போய் அதன் முதுகை அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு தட்டுப்படுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா எதுல வந்தீக?" என்று கேட்டார். தன் மகன் வாங்கி வைத்த சாமான் இதில் எது என்று அவர் கண் தேடிக்கொண்டிருந்தது. தட்டு தட்டாகப் பார்த்தார். மாசி வீதிக் கடைப் பைகள், மதுரை ஆசிரியைகள், என் தோளில் ஒட்டியிருந்த ஆட்டு ரோமம். உள்ளே போய்ப் பாயை விரித்துப் போட்டார்.

நான் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மடியில் முத்துப்பாண்டியின் மகள் யாழினி. எட்டு வயதுப் பிள்ளை மடியில் உட்காரும் கனம் இல்லை. நகைத்தொழிலாளி ஊசியை எடுத்ததும் என் காதோரம் கேட்டாள்.

"மாமா, வலிக்குமா?"

"கொஞ்சம்."

"அப்ப இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம் மாமா. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாக."

அந்த வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. "இனிமே தள்ளிப் போட எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்றேன். அவள் என் மீசையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அவள் கத்தவில்லை. மீசை கையோடு வந்துவிடும் போலிருந்ததால் நான்தான் ஒரு சத்தம் போட்டேன். போட்டோக்காரர், "இன்னொரு தடவை சார். பாப்பா முழிச்சிருக்கு, மாமன் கண்ண மூடிட்டாரு" என்றார். காதை இன்னொரு தடவை குத்த முடியாது என்பதால் அந்தப் படமே நின்றது.

அதன்பின் சேலை கொடுக்கும் சடங்கு. ஜெபமலர் டீச்சர் அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போயிருந்தார். இது எனக்குத் தெரிந்த வேலை. பரிசளிப்பு விழாக்களில் கைதேர்ந்தவன். எதையும் மூப்பு வரிசையில் செய்தால் தவறு வராது என்பது முப்பது வருட அனுபவம். கூட்டத்தில் மூத்தவர் இருளாயி. ஆகவே இருப்பதில் உயர்ந்ததான அரக்குப் பட்டை எடுத்து இரு கைகளாலும் அவருக்குக் கொடுத்தேன். அப்படியே இறங்குவரிசையில் வந்தேன். செல்வியின் முறை வந்தபோது ஒரு பாசிப்பச்சைச் சேலை மீதமிருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வேப்பமரத்தடியில் பந்தி. முதல் வரிசையில் என்னையும் முத்துப்பாண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் முதலில் கை நனைக்க வேண்டுமாம். என் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்திராத முத்துப்பாண்டி, முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, இலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடுங்க" என்றேன். "யெஸ் சார்" என்று ஒரு வாய் எடுத்தார். கறிச்சோறு ஆவி பறந்தது. மிளகும் தேங்காயும் எலும்புச் சாறும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு எங்கள் மெஸ் சமையல்காரர்கள் அத்தனை பேரையும் அடகு வைக்கலாம் என்று நினைத்தபோது, எதிரே செல்வி வந்து நின்றாள். கையில் பாசிப்பச்சைச் சேலை.

"ஏண்ணே, ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்கா?"

பந்தி முழுக்க மெல்வது நின்றது.

"பொறந்த வீட்டுச் சேலைன்னு ஒண்ணு கட்ட எம்புட்டு வருசமா காத்துக் கெடக்கேன். அந்தப் பட்ட அத்தைக்குத் தூக்கிக் குடுத்துட்டு எனக்கு இதைக் குடுத்திருக்கீக. இதைக் கட்டிக்கிட்டு நான் எந்தச் சபையில நிக்க?"

"அவங்க மூத்தவங்கன்னு, வரிசைப்படி" என்று ஆரம்பித்தேன்.

"என்ன வரிசை? சீரு யாருக்கு வந்துச்சு, எனக்கா அவுகளுக்கா? மதினி வந்திருந்தா இப்படி நடக்குமா? கெடாயும் இம்புட்டுக்காணு பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீக. இந்த டீச்சரம்மா இல்லைன்னா நீங்க வெறுங்கையத்தான் வீசிக்கிட்டு வந்திருப்பீக."

முத்துப்பாண்டி எழுந்தே விட்டார். "செல்வி, யாருகிட்டப் பேசுற? சாரு..."

"நீங்க சும்மா இருங்க. எங்கண்ணன நான் கேக்குறேன்."

ஜெனரல்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு நிலை உண்டு. பார்வை நேராக, தாடை உள்ளே, பதில் கூடாது. இலைக்கு முன்னால் சம்மணத்தில் அந்த நிலையை எடுக்க முயன்றேன். சோற்றுக் கையோடு அது முடியவில்லை. "தப்புதான்மா" என்றேன்.

செய்த தவறைத் திருத்த ஒரே வழிதான் இருந்தது. இரண்டு இலை தள்ளி நின்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்த இருளாயியிடம், என்னால் முடிந்த பணிவோடு, "அம்மா, சேலை கை மாறிப்போச்சு. நீங்க பெரிய மனசு பண்ணி..." என்று இழுத்தேன்.

இருளாயி அரக்குப் பட்டைக் கக்கத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

"அது அண்ணன் தங்கச்சி சண்டை. அதுக்குள்ள என்னைய இழுக்காதீக, தம்பி" என்று சொல்லிவிட்டு, என் இலைக்கு இன்னும் ஒரு கரண்டி கறி வைக்கச் சொன்னார்.